ஊசி குத்தினால் ஜீரணம் திரும்புமா?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

கணவருக்கு வயது 58. மஞ்சளும் வாழையும் போடுகிற விவசாயி. நான்கு மாதங்களுக்கு முன் கோவையில் இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. இரைப்பையின் கீழ்ப்புறம் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியைச் சிறுகுடலோடு இணைத்திருக்கிறார்கள். மூன்றாம் நிலை, நிணநீர்க் கணுக்கள் சிலவற்றிலும் நோய் இருந்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், அதோடு இரண்டு வாரம் கேப்பசிட்டபின் மாத்திரை என எட்டுச் சுற்றுக் கீமோ சொல்லியிருக்கிறார்கள். மூன்று முடிந்திருக்கிறது. நான்காவதுக்கு வரமாட்டேன் என்கிறார்.

சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. சில நாட்களில் இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கிக் கண் இருட்டுகிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 53. விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போயிருக்கின்றன. தெம்பு வரட்டும் என்று காலையும் மாலையும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு, பெரிய டம்ளர் நிறையச் சத்துமாவுக் கஞ்சி கொடுத்துவருகிறார்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் கொழுந்தனார் மகன், இயந்திரம் வாங்கச் சீனா போய்வந்தபோது மூலிகைப் பொட்டலங்கள் வாங்கி வந்திருக்கிறார். உறை முழுக்கச் சீன எழுத்து. இரைப்பை, குடல் அறுவைக்குப் பின் சீன முறையான அக்குபஞ்சர் ஊசி குத்தினால் ஜீரணம் சீக்கிரம் திரும்புகிறது என்ற ஆராய்ச்சியையும் கைபேசியில் காட்டியிருக்கிறார். ஈரோட்டில் அக்குபஞ்சர் பார்க்கும் ஒருவரோ, பன்னிரண்டு முறை வந்தால் போதும், பழையபடி ஆகிவிடும், ஆனால் கீமோவை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறார். மூலிகைச் சுருட்டைக் கொளுத்தி முழங்காலுக்குக் கீழும் தொப்புளைச் சுற்றியும் சூடு காட்டுவதும் அந்தச் சிகிச்சையில் உண்டு. அவருடைய நோட்டீஸில் புற்றுநோய்க்கும் நிரந்தரத் தீர்வு என்று அச்சடித்திருக்கிறதாம்.

"சீன வைத்தியமும் நம் சித்த வைத்தியம் போல இயற்கைதானே, பக்கவிளைவு இருக்காதே? கீமோவை நிறுத்திவிட்டு இதைப் பார்க்கலாமா? பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்குவதாக, அதாவது தீ மிதிப்பதாக, வேண்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் தேறிவிடுவாரா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள அம்மா,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கீமோவை நிறுத்த வேண்டாம். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம். ஊசியை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சில நிபந்தனைகளோடு, ஒரு சிறிய உதவிக்காக வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்காரரை இப்போது வாட்டுகிற தொந்தரவில் பெரும்பகுதிக்கு மருந்து உங்கள் சமையலறையில்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது; கஞ்சிக்கு வருகிறபோது சொல்கிறேன்.

அந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது

கொழுந்தனார் மகன் காட்டியது பொய்யில்லை. வயிற்றைத் திறந்து எந்த அறுவை செய்தாலும் குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் விழித்துக்கொள்ளும். இரைப்பைக்கு ஒன்றிரண்டு நாள். பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள். அறுவை முடிந்த வாரத்தில் காலையும் மாலையும் நர்ஸ் வந்து "காற்றுப் பிரிந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களைக் குறைக்க முடியுமா என்றுதான் சீன மருத்துவர்கள் சோதித்தார்கள்.

ஹாங்காங்கில் 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதில் பேர்பெற்றது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்துகொண்ட 165 பேர். ஒரு குழுவுக்கு, முழங்காலுக்குக் கீழே உள்ள புள்ளி உட்படச் சில இடங்களில் ஊசி குத்தி மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். இன்னொரு குழுவுக்குப் பெயருக்கு ஊசி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. முதல் முறை மலம் கழிக்க எடுத்த நேரம் முதல் குழுவில் சுமார் 86 மணி, பெயருக்குக் குத்திய குழுவில் சுமார் 107 மணி, ஊசியே இல்லாத குழுவில் சுமார் 122 மணி. ஊசிக்குப் பலன் இருந்தது. பெயருக்குக் குத்தியவர்களும் சும்மா இருந்தவர்களைவிட முந்திக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிப்பதற்கே உடம்பு கொஞ்சம் இணங்குகிறது போலும்! 2022இல் சீனாவிலிருந்து 248 பேரைக் கொண்டு வந்த இன்னொரு ஆய்வில், குடல் நெடுநாள் அசையாமல் கிடப்பது மின் ஊசிக் குழுவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் போலி ஊசிக் குழுவில் இருபது பேருக்கும் நடந்தது. அதுவும் பெருங்குடல் அறுவைதான். இரைப்பை அறுவையில் செய்த சோதனைகள் இவற்றைவிடச் சிறியவை.

ஜப்பானிலும் இப்படி ஒன்று உண்டு. பழைய சீன மருத்துவ நூலிலிருந்து எடுத்து, சுக்கு, ஜின்செங் வேர், ஒருவகை மிளகு, மால்ட் சர்க்கரை சேர்த்துச் செய்கிற டைகென்சூட்டோ என்ற மருந்து. அங்கே அதை மருந்து ஆலையில் தரம் பார்த்துத் தயாரித்து டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள். இரைப்பையை முழுதாக எடுத்தவர்களிடமும் சோதித்தார்கள். முதல் மலம் சற்று முன்னதாக வந்தது. அவ்வளவுதான்.

இவை எல்லாமே அறுவை முடிந்த முதல் வாரத்தைப் பற்றியவை. உங்கள் வீட்டுக்காரர் அந்த வாரத்தைத் தாண்டி நான்கு மாதமாகிவிட்டது. அவருடைய குடல் இப்போது தூங்கவில்லை. கழிவறைக்கு ஓடுகிறவருக்குக் குடலை எழுப்பிவிடும் சிகிச்சை எதற்கு?

இப்போது என்ன நடக்கிறது

இரைப்பையின் கீழ்வாசலில் ஒரு சுருக்குத் தசை உண்டு. தடப்பள்ளி வாய்க்கால் மடை மாதிரி, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு விடுவது அதன் வேலை. புற்று இருந்த கீழ்ப்பகுதியோடு அதுவும் போய்விட்டது. சாப்பிட்டது மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுகிறது. இனிப்புக் கரைசலாக இருந்தால் ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால் வருபவை. அந்தச் சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறுவதால் இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சரிந்துவிடும். நடுக்கமும் கண் இருட்டலும் அது. டம்பிங் என்று நாங்கள் சொல்லும் இரண்டு கட்டத்தையும் நீங்கள் மருத்துவ மாணவர் எழுதுவதுபோல எழுதியிருக்கிறீர்கள்.

வெட்டி எடுத்த தசையை எந்த ஊசியும் முளைக்கவைக்காது. "பழையபடி ஆகிவிடும்" என்று சொன்னவர் அறுவைக் குறிப்பைப் படித்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். ஆனால் பயப்படாதீர்கள். சாப்பாட்டை மாற்றினால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இது தணிந்து, குடலும் புது ஏற்பாட்டுக்குப் பழகிவிடும்.

நாட்டுச்சர்க்கரைக் கஞ்சி

இதைப் படிக்கும்போது உங்கள் மனம் சங்கடப்படும், தெரியும். தெம்புக்காக அன்போடு கொடுத்தது. எந்தக் குடும்பமும் அதைத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில் யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை என்றால் அது எங்கள் தரப்புக் குறை. நாளை காலையிலிருந்து அந்தப் பெரிய டம்ளர் வேண்டாம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், குளுக்கோஸ் நீர், கரும்புச்சாறு எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். குடலுக்கு வெள்ளைச் சர்க்கரை வேறு, நாட்டுச்சர்க்கரை வேறு என்ற பேதம் தெரியாது.

ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பதை ஆறு அல்லது ஏழு வேளை ஆக்குங்கள். ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம். ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்க வேண்டும்: முட்டை, தயிர், பன்னீர், பாசிப்பயறு, நன்றாக வெந்த கோழி, பவானிசாகர் மீன் கிடைத்தால் அது. அரிசிம்பருப்புச் சாதம் இவருக்கென்றே செய்த மாதிரி: குழைவாக வேகவைத்து, பருப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு, ஒரு கரண்டி நெய் விட்டு, மெதுவாக மென்று சாப்பிடட்டும். சந்தகையும் கூடாது என்றில்லை. தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றாமல், தாளித்த சந்தகையாக ஒரு பிடி, கூடவே ஒரு முட்டை. கொள்ளுப் பருப்பு வாயுவைக் கிளப்பும், பிறகு பார்க்கலாம்.

களி மட்டும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். களியை யாரும் மெல்வதில்லை. உருட்டி அப்படியே விழுங்குவதுதான் நம் வழக்கம். அரைக்கும் வேலையைச் செய்த இரைப்பை இன்று கால் பங்குதான் இருக்கிறது. அதே காரணத்துக்காக முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கு நார், சாத்துக்குடிச் சுளையின் தோல் இவையும் வேண்டாம். இவை உள்ளே திரண்டு உருண்டையாகி அடைத்துக்கொண்டு திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு. முருங்கைக்காய்ச் சாம்பார் ஊற்றிக்கொள்ளட்டும், காயை நீங்கள் சாப்பிடுங்கள்.

தண்ணீர், மோர், ரசம் எதையும் சோற்றோடு சேர்க்காமல் அரை மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய நாட்களில் ஜில்லென்று எதுவும் கூடாது. தொண்டை இழுத்துப் பிடிக்கும். பால் குடித்தால் பொருமுகிறது என்றால் தயிருக்கு மாறுங்கள். சாப்பிட்டதும் படுக்காதே என்று நாம் சொல்லி வளர்ந்தவர்கள். இவர் சாப்பிட்டபின் இருபது நிமிடம், தலைப்பக்கம் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருக்கலாம். உணவு கீழே இறங்கும் வேகம் மட்டுப்படும். பித்தம் எதுக்களித்து நெஞ்சு எரிந்தால் நிமிர்ந்தே உட்காரட்டும், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கை நடுங்கும்போது சர்க்கரை அளவைக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பத்து நிமிடத்தில் ஒரு முட்டையோ சிறிது சுண்டலோ கொடுங்கள். அந்த நேரத்துக்கு மட்டும்தான் சர்க்கரை. எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நடுக்கம் வருகிற நாட்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் தனியாகக் கிணற்று மேட்டுக்குப் போவதும் கூடாது.

இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தும் அடங்கவில்லை என்றால் மாத்திரைகளும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன. மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் கணைய நொதிக் கேப்சூல் தேவைப்படலாம், கேளுங்கள். இந்த அறுவைக்குப் பின் எடையில் பத்து முதல் இருபது சதவீதம் குறைவது பலருக்கும் நடப்பதுதான். இவருக்கு 17 சதவீதம் போய்விட்டது. இனி இறங்கக் கூடாது. வாரம் ஒருமுறை அதே தராசில் எடை பாருங்கள்.

ஊசி வேண்டுமென்றால்

குமட்டலுக்கு ஊசி ஓரளவு உதவும். அறுவைக்குப் பின்னும் கீமோவின்போதும் வரும் குமட்டலுக்கு அக்குபஞ்சர் பயன்படுகிறது என்று அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் 1997இல் கூட்டிய நிபுணர் குழுவே ஏற்றுக்கொண்டது. அந்தப் புள்ளி உள்ளங்கைப் பக்கம் இருக்கிறது. மணிக்கட்டு மடிப்பிலிருந்து அவருடைய மூன்று விரல் அகலம் முழங்கைப் பக்கமாகத் தள்ளி, நடுவில் கயிறு போல ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையில். கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திவிடுங்கள். செலவு கிடையாது, ஈரோட்டுக்குப் பஸ் ஏறவும் வேண்டாம். குமட்டல் மாத்திரையை இதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

ஊசியே குத்திக்கொள்ளலாம் என்று அவர் விரும்பினால், முதலில் கீமோ டாக்டரிடம் சொல்லுங்கள். வெள்ளணுவும் தட்டணுவும் எவ்வளவு இருக்கின்றன என்று அந்த வாரத்து ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும். வெள்ளணு குறைந்த நேரத்தில் ஊசி நுழைந்த இடம் சீழ் பிடிக்கலாம், தட்டணு குறைந்தால் ரத்தம் கட்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன் உறை கிழித்து எடுக்க வேண்டும். தழும்பு உள்ள வயிற்றிலும், மருந்து ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் கீமோ போர்ட் வைத்திருந்தால் அதன் பக்கத்திலும் குத்தக் கூடாது.

மூலிகைச் சுருட்டுக்கு என் பதில் வேறு. அது மாக்ஸா, நம் மாசிபத்திரியின் இனத்துச் செடியை உலர்த்திச் சுருட்டிக் கொளுத்துவது. பாதம் மரத்திருப்பவருக்கு முழங்காலுக்குக் கீழே நெருப்பைக் காட்டினால், சுடுகிறது என்று சொல்ல அங்கே உணர்ச்சி எங்கே இருக்கிறது? கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் அது ஆறவும் ஆறாது. வேண்டாம்.

குண்டத்துக்கும் இதே பதில்தான். கால் மரத்த மனிதர் பண்ணாரியில் குண்டம் இறங்கக் கூடாது, இந்தப் பங்குனியில் கண்டிப்பாகக் கூடாது. கீமோ முடிந்து மரமரப்பு போக மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாகப் போவதும் இல்லை. வேண்டுதலைத் தள்ளிவைக்கவோ வேறு விதமாகச் செலுத்தவோ பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

யாருக்குத் தெரியும்? அதுதான் பிரச்சினை. இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்று சொல்ல முடியாது, அரளியும் இயற்கைதான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய ஒரு சிகிச்சை மையத்துக்குப் போன பெண்களுக்குச் சீன மூலிகை கலந்த கேப்சூல் கொடுத்தார்கள். ஒரு வேருக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொரு வேர் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்த வேரில் இருந்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. நம் காட்டோரத்தில் முளைக்கும் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே குடும்பம். ஆகவே "நம் வைத்தியம் போலத்தானே" என்ற உங்கள் வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். யாராவது சூரணம் கொடுத்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேப்பசிட்டபின் எவ்வளவு கொடுக்கலாம் என்பதே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. சிறுநீரகம் சோர்ந்தால் அதே மாத்திரை விஷமாகிவிடும். சீனக் கஷாயங்கள் பலவற்றில் அதிமதுரம் சேரும். தினமும் குடித்தால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே வயிற்றுப்போக்கால் பொட்டாசியத்தை இழக்கிறவருக்கு இது தேவையா? ஜின்செங், டாங்குவாய் போன்ற வேர்கள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு மோதும்.

உங்கள் தோட்டத்து மஞ்சளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குழம்பில் போடுகிற மஞ்சள் தாராளமாகப் போடலாம். குர்குமின் என்று சாறு இறக்கிக் கேப்சூலில் விற்பது கீமோ முடியும்வரை வேண்டாம்.

கீமோவை நிறுத்தினால்

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஏறுகிற இதே இரண்டு மருந்துக் கூட்டணி பலன் தருகிறது என்று நிரூபித்த பெரிய ஆய்வு தென்கொரியா, சீனா, தைவான் ஆஸ்பத்திரிகளில்தான் நடந்தது. இரைப்பை அறுவை முடிந்த, இரண்டாம் மூன்றாம் நிலையில் இருந்த 1,035 பேர். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஆறு மாதக் கீமோ சேர்த்த குழுவில் நூற்றுக்கு 78. அறுவை மட்டும் செய்த குழுவில் 69. சீனாவில் ஊசி போடுகிற பெரிய ஆஸ்பத்திரிகளில் அறுவையும் கீமோவும் செய்துகொண்டு பக்கத்தில்தான் ஊசி போடுகிறார்கள். கீமோவை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்பது சீன மருத்துவம் அல்ல. ஈரோட்டில் ஒருவர் சொந்தமாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

எண்ணை மறைக்காமல் சொல்கிறேன். கீமோ இல்லாமலும் பலர் பிழைக்கிறார்கள். கீமோ எடுத்தும் சிலருக்கு நோய் திரும்புகிறது. நூறு பேரில் ஒன்பது பேரை அது கூடுதலாகக் காப்பாற்றுகிறது. உங்கள் வீட்டுக்காரர் அந்த ஒன்பதில் ஒருவரா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. என் அண்ணனாக இருந்தால் தொடரச் சொல்வேன்.

ஆனால் தொடர்வதென்றால் இப்படியே தொடர வேண்டும் என்பதில்லை. மரமரப்பைச் சொன்னால் ஆக்சாலிபிளாட்டின் அளவைக் குறைப்பார்கள். அதிகமானால் அதை மட்டும் விட்டுவிட்டு மாத்திரையோடு முடிப்பார்கள். உடம்பு தேற ஒரு வாரம் தள்ளிவைப்பதும் வழக்கம்தான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இவர் மரமரப்பை டாக்டரிடம் சொன்னதாகவே தெரியவில்லை. கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் போலிருக்கிறது. நம் பக்கத்து விவசாயிகளிடம் நான் தினமும் காண்பது. நான்கு பக்கத்தில் அவர் சொன்னதாக ஒரே ஒரு வரிதான் இருந்தது: "எதையாவது செய்யுங்கள், எனக்கு வெறுத்துவிட்டது." இந்த வரியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிறாரா, டிரிப்ஸைக் கண்டா, பணச் செலவைக் கண்டா என்று அவரையே கேளுங்கள். டம்பிங் அடங்கினால் கீமோ மேல் உள்ள கோபத்தில் பாதி அடங்கும் என்பது என் கணிப்பு. இரண்டு தொந்தரவையும் அவர் ஒரே கணக்கில் எழுதிவைத்திருக்கிறார். பணம்தான் கவலை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மீதிச் சுற்றுகளைச் சேர்க்க முடியுமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் விசாரியுங்கள்.

வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அறுவைக் குறிப்பு, பயாப்சி அறிக்கை, கீமோ விவரம் மூன்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அந்த நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. புகார் கொடுப்பது உங்கள் விருப்பம். முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் அப்போதே ஆஸ்பத்திரி. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் மாத்திரை போட்டு விடியும்வரை பார்ப்பது ஆபத்து. கருப்பாகத் தார் போல மலம் போனாலும், நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியில் வந்தாலும், தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், வயிறு ஊதிக் காற்றும் பிரியாமல் நின்றாலும், வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றால் போனாலும் அப்படித்தான். கேப்பசிட்டபின் மாத்திரை கையில் இருந்தால் அடுத்த வேளை போடுவதற்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. பி12 உறிஞ்சுவதற்குத் தேவையான பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருடம் தாங்குவதால் யாரும் கவனிக்கமாட்டார்கள். பிறகு ரத்தசோகையும் கால் மரமரப்பும் வரும், அதைக் கீமோவின் மிச்சம் என்று தள்ளிவிடுவார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி நான்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் பி12 ஊசி உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை எழுதிய நோட்டு, எடை எழுதிய தாள், சீனப் பொட்டலத்தின் உறை மூன்றையும் ஒரு பையில் போட்டு, நான்காவது சுற்றுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கொழுந்தனார் மகனையும் கூட்டிப்போவது நல்லது; டாக்டரிடம் கேள்வி கேட்கத் தயங்காத ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் அது அவர்தான்.